எங்கள் குடியிருப்பின் கழிவுநீர் நிலையமும் அதைப் பராமரிக்கும் நிறுவனமும்: பதினெட்டு மாத அனுபவம்

சித்தாலப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கும் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வந்து சேரவில்லை. 72 வீடுகளின் குளியலறை, சமையலறை, கழிப்பறை ஆகியவற்றிலிருந்து வெளியேறும் நீர் முழுவதும் வளாகத்தின் வடமேற்கு மூலையில் பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கும் ஒரு சிறு சுத்திகரிப்பு நிலையத்தில்தான் வந்து சேருகிறது. 2023 ஜூலை முதல் அந்த நிலையத்தை ஒரு தனியார் நிறுவனம் மாத ஒப்பந்தத்தில் இயக்கி வருகிறது. சங்கச் செயலாளர் என்ற முறையில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவள் நான். கணக்குத் துறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பழக்கத்தினால் அன்றாடம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். இந்த மதிப்புரை அதிலிருந்து எடுத்ததுதான். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு விலைப்பட்டியல் தொடர்பான வழக்காடல் இன்னும் முடியவில்லை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், ஒரே நிறுவனம் ஒரு குடியிருப்புக்கு அனுப்பும் ஆளும் அடுத்த குடியிருப்புக்கு அனுப்பும் ஆளும் ஒன்றல்ல என்பதும், இந்தச் சேவையின் தரம் பெரும்பாலும் அந்த ஆளைப் பொறுத்தே அமைகிறது என்பதும்தான்.

நிலையம் வடமேற்கில் அமைந்ததற்குப் பொறியியல் காரணம் எதுவும் இல்லை. வாஸ்துப்படி அது வாயு மூலை, கழிவுநீர்த் தொட்டிக்கு உகந்தது என்று கட்டுநர் விற்பனைக் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தார். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து வீசும் காலைக்காற்று அந்த மூலையின் வாயுவை முதல் பிளாக்கின் படுக்கையறைகளுக்குத் தவறாமல் கொண்டுவந்து சேர்த்தது என்பது மட்டும் கையேட்டில் இல்லை. கட்டுநரின் ஆள் நிலையத்தைப் பார்த்துக்கொண்ட முதல் மூன்று ஆண்டுகளில் எங்கள் பொதுக்குழுக் கூட்டங்களில் பாதி நேரம் இந்த நாற்றத்தைப் பற்றிய பேச்சிலேயே கழிந்தது.

அளவைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் ஏறத்தாழ 230 பேர் வசிக்கிறோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்பது நாட்டில் பொதுவாக வைத்துக்கொள்ளும் வடிவமைப்பு அளவு; அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும் என்று கொண்டால் தினமும் சுமார் 25,000 லிட்டர் வருகிறது. நிலையத்தின் கொள்ளளவு 40,000 லிட்டர். கொள்ளளவு கூடுதலாக இருப்பது நல்லதுதானே என்று முதலில் நானும் நினைத்தேன். அது அப்படியல்ல என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். கழிவைத் தின்று நீரைச் சுத்தம் செய்வது இயந்திரமல்ல, தொட்டியில் வளரும் நுண்ணுயிரிகள். பாதி வீடுகள் காலியாக இருந்த தொடக்க காலத்தில் அவற்றுக்குப் போதிய இரையில்லை. ஆகவே அவை பெருகவில்லை. ஆகவே நிலையம் பெயரளவுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நீர் முதலில் இரும்புக் கம்பிச் சல்லடையைக் கடந்து சேகரிப்புத் தொட்டியில் விழுகிறது. காலை ஆறிலிருந்து ஒன்பது மணிக்குள் மொத்த வீடும் ஒரே நேரத்தில் குளித்துத் துவைத்துச் சமைப்பதால் வரும் வெள்ளத்தை அந்தத் தொட்டி தாங்கிக்கொண்டு, நாள் முழுவதும் சீராக அடுத்த தொட்டிக்கு அனுப்புகிறது. அடுத்ததுதான் நிலையத்தின் உயிர்: காற்றூட்டத் தொட்டி. அடியில் பதித்த, காற்றைச் சிறு குமிழ்களாக வெளிவிடும் டிஃப்யூசர்கள் வழியே ப்ளோயர் என்ற காற்றூதும் இயந்திரம் காற்றைச் செலுத்த, நீரில் கரையும் ஆக்சிஜனைக் கொண்டு நுண்ணுயிரிகள் வேலை செய்கின்றன. பிறகு படிவுத் தொட்டியில், நுண்ணுயிரிகள் திரண்ட கசடு கீழே இறங்குகிறது. அதில் ஒரு பகுதி மறுபடியும் காற்றூட்டத் தொட்டிக்கே திரும்புகிறது, மிகுதி வெளியேற்றப்படுகிறது. மேலே தெளிந்த நீர் குளோரின் கலந்து, மணல் வடிகட்டியையும் கரி வடிகட்டியையும் கடந்து, கழிப்பறைத் தொட்டிகளுக்கும் தோட்டத்துக்கும் போகிறது. ப்ளோயர் சில மணி நேரம் நின்றாலே ஆக்சிஜன் தீர்ந்து, காற்றில்லாமல் வாழும் வேறு வகை உயிரிகள் தலையெடுத்து, அழுகிய முட்டை நாற்றம் கிளம்புகிறது. முதல் பிளாக் மூன்றாண்டு சுவாசித்தது இந்த ஹைட்ரஜன் சல்பைடைத்தான். கட்டுநரின் ஆள் மின்கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக இரவு பதினொரு மணிக்கு ப்ளோயரை அணைத்துவிட்டு உறங்கப் போயிருக்கிறார்.

புதிய நிறுவனம் வந்த முதல் மாதம் செய்த வேலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காற்றூட்டத் தொட்டியை இரண்டு நாளில் இறைத்து வற்றவைத்து, டிஃப்யூசர்களில் மூன்றில் இரண்டு பங்கு அடைத்துப்போயிருந்ததைக் காட்டி மாற்றினார்கள். கரி வடிகட்டியில் இருந்த கரி, நிலையம் கட்டிய நாளிலிருந்து மாற்றப்படாததால் களிமண் போலக் கட்டியாகியிருந்தது, அதையும் மாற்றினார்கள். ப்ளோயர்கள் இரண்டையும் முறைமாற்றி ஓட்டும் டைமர் பொருத்தினார்கள். இதற்கெல்லாம் தனிச் செலவு ஆனது என்றாலும், செய்வதற்கு முன்பே பொருள் வாரியாக எழுத்தில் கொடுத்தார்கள், சொன்ன தொகைக்கு மேல் கேட்கவில்லை. ஆறாவது வாரத்தில் நாற்றம் நின்றது. முதல் பிளாக்கில் மூன்றாண்டுகளாகச் சன்னலைத் திறக்காத ஒரு பெரியவர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

இரண்டு ஆபரேட்டர்கள் முறைவைத்து வருகிறார்கள். காலை முறைக்காரர் செங்கத்துக்கு அருகிலிருந்து வந்தவர், ஐ.டி.ஐ. படித்தவர். எனக்கு இந்த நிலையத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். காற்றூட்டத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீரை அளவு உருளையில் முகந்து அரைமணி நேரம் அசையாமல் வைத்துவிட்டு, கசடு எந்தக் கோட்டுவரை இறங்குகிறது என்று பார்க்கும் சோதனையை ஒவ்வொரு நாளும் என் முன்னால் செய்தார். முந்நூறு மில்லிலிட்டர் அளவில் நின்றால் நிறைவு; நூறுக்குக் கீழே போனால் உயிரிகள் போதவில்லை; ஐந்நூறைத் தாண்டினால் கசட்டை வெளியேற்ற வேண்டும். நிறத்துக்கு அவர் வைத்திருந்த அளவுகோல் இன்னும் எளிது. “பால் கம்மியா போட்ட காப்பி நிறம் இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம்மா. கடுங்காப்பி ஆச்சுன்னா காத்து பத்தலைன்னு அர்த்தம்” என்பார். நன்றாக இயங்கும் தொட்டியில் நாற்றம் இருக்காது, கோடை மழை பெய்த தோட்டத்தின் மண்வாசம்தான் இருக்கும் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை, மூடியைத் திறந்து முகரச் சொன்னார், உண்மைதான். அதற்குப் பிறகு அந்த மூலையைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு விட்டுப்போயிற்று.

இரவு முறைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு. பதிவேட்டில் இரவு எட்டு மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் அமில காரத் தன்மை, குளோரின் அளவு, ப்ளோயர் அழுத்தம் ஆகியவற்றை எழுத வேண்டும் என்பது ஒப்பந்தம். 2023 அக்டோபரில் பதிவேட்டைப் புரட்டியபோது, பத்தொன்பது இரவுகள் தொடர்ந்து அமில காரத் தன்மை 7.2 என்று ஒரே எண் ஒரே கையெழுத்தில் ஒரே பேனாவால் எழுதப்பட்டிருந்தது. கணக்குத் தணிக்கையில் பழுத்தவர்களுக்கு இத்தகைய சீர்மையைக் கண்டால் மகிழ்ச்சி வராது. அளவுமானியை எடுத்துவரச் சொன்னேன். அதில் பேட்டரியே இல்லை. மேற்பார்வையாளரிடம் முறையிட்டபோது, இரவில் நீர் வரத்து குறைவு என்பதால் அளவு மாறாது என்று விளக்கம் சொன்னார். அந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அளக்காமல் எழுதுவதற்கு அது விளக்கமாகாது. ஆளை மாற்ற நான்கு மாதம் எடுத்துக்கொண்டார்கள்.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர் 3, 4 தேதிகள் இந்தச் சேவையின் இரு முகங்களையும் ஒன்றாகக் காட்டின. மூன்றாம் தேதி இரவு தொடங்கிய மழை மறுநாள் முழுவதும் விடவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நோக்கி வடிய வேண்டிய நீர் வடியாமல் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் நின்றது; தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் பம்பு அறைக்குள் அது இறங்குவதற்கு ஒரு மணி நேரமே இருந்தது. காலை முறைக்காரர் அன்று ஊருக்குப் போகாமல் நிலையத்திலேயே தங்கியிருந்தார். யாரும் சொல்லாமலே மின்பலகையை அணைத்தார். காவலாளியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இரண்டு ப்ளோயர்களின் மோட்டார்களையும் கழற்றி, முதல் மாடிப் படிக்கட்டில் தார்ப்பாய் போட்டு வைத்தார். நிறுவனத்தின் அவசர எண் மூன்று நாட்கள் எடுக்கப்படவே இல்லை. நகரமே மூழ்கியிருந்தபோது ஒரு அலுவலகத்தைக் குறை சொல்வது நியாயமா என்று கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் நான்காம் நாள் மின்சாரம் திரும்பியபோது அவர்கள் அனுப்பிய முதல் செய்தி, மோட்டார்கள் எரிந்திருந்தால் அது இயற்கைச் சீற்றம், ஒப்பந்தத்தில் அடங்காது என்பதுதான். மோட்டார்கள் எரியவில்லை, படிக்கட்டில் உலர்ந்த நிலையில் இருந்தன.

இயந்திரம் தப்பியதே தவிர உயிரிகள் தப்பவில்லை. மழைநீர் தொட்டிகளை அலசிக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியவையும் நான்கு நாள் காற்றில்லாமல் செத்திருந்தன. உருளைச் சோதனையில் கசடு 40 மில்லிலிட்டரில் நின்றது. நிறுவனம் பாக்டீரியா கல்ச்சர் என்ற பெயரில் ஒரு பொடியைக் கொண்டுவந்து கொட்டி, 14,000 ரூபாய்க்குப் பட்டியல் போட்டது. நான் முதலில் குறிப்பிட்ட வழக்காடல் இதைப் பற்றியதுதான். பொடியைப் போட்டு ஒன்பது நாளாகியும் உருளையில் மாற்றமில்லை. செங்கத்துக்காரர் தெருக்கோடியில் மாடு வைத்திருப்பவரிடமிருந்து சாணம் வாங்கிக் கரைத்து வடிகட்டி ஊற்றினார், இரண்டு கிலோ வெல்லத்தையும் கரைத்துச் சேர்த்தார். அருகிலுள்ள மற்றொரு குடியிருப்பின் நிலையத்திலிருந்து 3,000 லிட்டர் உயிருள்ள கசட்டை லாரியில் வரவழைக்கும்படி என்னிடம் சொன்னார். மூன்றாவது வாரத்தில் உருளை 220-ஐத் தொட்டது. பொடியினால் பயனே இல்லை என்று நான் நிரூபிக்க முடியாது. ஆனால் கசடும் சாணமும் செய்த வேலைக்குப் பொடியின் பெயரில் பணம் கேட்பதை ஒப்புக்கொள்ளவும் முடியாது.

குடியிருப்போர் பங்கையும் மறைக்காமல் எழுதுவதுதான் நேர்மை. 2024 போகிக்கு முந்தைய வாரம் காலையில் தொட்டி நுரைத்துப் பொங்கி, உருளையில் கசடு இறங்காமல் கலங்கி நின்றது. அமில காரத் தன்மையை அளவுமானி 5-க்கு அருகில் காட்டியது, அதாவது நீர் அமிலமாகியிருந்தது. சைக்கிளில் ஃபினாயிலும் ஆசிட்டும் கூவி விற்பவர் அந்த வாரம் எங்கள் வளாகத்துக்கு நான்கு முறை வந்து போயிருந்தார். பொங்கலுக்குக் குளியலறையைப் பளபளப்பாக்கும் ஆர்வத்தில் எத்தனை வீடுகள் வாங்கின என்று காவலாளி கணக்குச் சொன்னார். தீபாவளி இன்னொரு தலைவலி. எண்ணெய்க் குளியலும், பலகாரம் சுட்ட எண்ணெயைச் சட்டியோடு கழுவும் வழக்கமும் சேர்ந்து, எண்ணெய் பிடிக்கும் தொட்டியை ஒரே நாளில் நிறைத்துவிடுகின்றன. மேலே மிதக்கும் படலம் காற்றூட்டத் தொட்டிக்குப் போனால் உயிரிகளைப் போர்த்தி மூச்சடைக்க வைக்கிறது. மாதந்தோறும் சல்லடையில் சிக்கும் ஈரத்தாள் துடைப்பான்களையும் சானிட்டரி நாப்கின்களையும் பற்றி எழுதி அறிவிப்புப் பலகை அலுத்துவிட்டது. நிறுவனம் இதற்கெல்லாம் அபராதம் கேட்கவில்லை என்பதை அவர்கள் பக்கத்து நற்குணமாகக் குறித்துவைக்கிறேன்.

இனி, அவர்கள் மீது நான் வைக்கும் மிகக் கடுமையான குறை. 2024 மே மாதம் சேகரிப்புத் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் பம்பில் துணி சுற்றி நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் ஓர் இளைஞரை அழைத்துவந்து, இடுப்பில் கயிறு கட்டித் தொட்டிக்குள் இறக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். மின்தூக்கியை விட்டு வெளியே வந்த நான் அதைப் பார்த்தது தற்செயல்தான். மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணியைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியதை மேற்பார்வையாளரிடம் சொன்னபோது, “அஞ்சே நிமிஷ வேலை மேடம், பையன் பழக்கப்பட்டவன்” என்றார். அழுகிய முட்டை நாற்றம் வீசும் வாயு அடர்த்தி கூடியதும் மூக்கின் உணர்வை மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லையே என்று நினைத்து இறங்குபவர்தான் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். சென்னைச் செய்தித்தாள்களில் ஆண்டுக்குப் பலமுறை நாம் படிக்கும் செய்தி இந்த ஐந்து நிமிட வேலைதான். அந்த இளைஞரை அனுப்பிவிட்டு, சங்கிலிக் கப்பியை வாடகைக்கு எடுத்துவந்து பம்பை வெளியே தூக்கிச் சரிசெய்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது, வாடகை 1,200 ரூபாய். இந்தத் தொகைக்காகவா ஓர் உயிரைப் பணயம் வைக்கத் துணிந்தார்கள் என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. கப்பியும் அதை மாட்டும் இரும்புச் சட்டமும் இப்போது எங்கள் சொந்தப் பொருட்களாகத் தொட்டியின் மேலேயே நிற்கின்றன; மூடிக்குச் சங்கப் பூட்டு போட்டுச் சாவியை நான் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது குறை கசடு எங்கே போகிறது என்பது. மாதம் இரண்டு முறை ஒரு லாரி வந்து மிகுதிக் கசட்டை உறிஞ்சிக்கொண்டு போகிறது. கசடு ஏற்றும் வாகனங்களுக்கு உரிமம் வேண்டும் என்று 2022-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. அந்த லாரி எந்த நிலையத்தில் இறக்கியது என்பதற்கான ரசீதை நான் ஓராண்டு கேட்டேன். முதலில் தருகிறோம் என்றார்கள், பிறகு மொத்தமாகத் தருகிறோம் என்றார்கள், பிறகு லாரி எங்களுடையதல்ல என்றார்கள். எங்கள் நிலையம் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று நுணுக்கமாகச் சுத்தம் செய்துவிட்டு, பிரித்தெடுத்த அழுக்கை எங்கேயோ ஓர் ஏரிக்கரையில் கொட்டக் கொடுத்தால், நாங்கள் செய்வது சுத்திகரிப்பு அல்ல, இடமாற்றம். 2024 செப்டம்பரிலிருந்து ரசீது இல்லாத நடைக்குப் பணமில்லை என்று முடிவெடுத்தோம். அதற்குப் பின் வந்த எட்டு நடைகளில் ஐந்துக்கு ரசீது வந்திருக்கிறது.

ஆய்வக அறிக்கையைப் பற்றிச் சுருக்கமாக: எங்கள் அனுமதிக் கடிதத்தின்படி வெளிவரும் நீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நீரில் எஞ்சியிருக்கும் கழிவைத் தின்று முடிக்க உயிரிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதை, நம் நாட்டு வழக்கப்படி 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்து அளப்பதுதான் இந்த எண். உள்ளே வரும் சாக்கடையில் இது இருநூறுக்கு மேல் இருக்கும். நிறுவனம் தானே மாதிரி எடுத்துத் தானே கொடுத்த அறிக்கைகளில் 8, 7, 8 என்று இருந்தது. சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் எடுத்து வேறோர் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பியதில் 17 வந்தது. இரண்டும் வரம்புக்குள்தான். ஆனால் 17 என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் அவர்கள் மீதான மதிப்பு எனக்குக் கூடியிருக்கும்.

பணக் கணக்கு பலருக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ஒப்பந்தம் மாதம் 38,000 ரூபாய். குளோரினும் சில்லறைப் பழுதும் அதில் அடக்கம். மூன்று குதிரைத் திறன் ப்ளோயர் நாளுக்கு இருபது மணி நேரம் ஓடுவதால் 44 யூனிட் ஆகிறது. பம்புகளையும் சேர்த்தால் மாதம் 1,600 யூனிட்டுக்கு மேல், பொதுப் பயன்பாட்டுக் கட்டணமான யூனிட்டுக்கு எட்டு ரூபாய்ச் சொச்சத்தில் ஏறத்தாழ 13,000 ரூபாய். ஆக 51,000. வரவு என்ன? கழிப்பறைக்கு ஆளுக்கு 45 லிட்டர் என்று கொண்டால் 230 பேருக்கு நாளுக்குப் பத்தாயிரம் லிட்டருக்குச் சற்று மேல். மாதத்துக்கு 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 26. கோடையில் நாங்கள் லாரிக்கு 1,800 ரூபாய் கொடுக்கிறோம் என்பதால் 46,800 ரூபாய் மிச்சம். ஏறக்குறைய சரிக்குச் சரி. ஆனால் நிலையமே இல்லாமல் 25,000 லிட்டரையும் தண்ணீர் லாரியைவிடச் சிறிய கழிவுநீர் லாரிகளில் அனுப்ப நேர்ந்தால் நாளுக்கு நான்கு லாரிக்கு மேல் வேண்டும். அந்தச் செலவை எழுதிப் பார்க்கவே வேண்டியதில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்த நாட்களைக் கண்டவர்களுக்கு, கழிப்பறையில் ஊற்றும் நீர் மறுபடியும் கழிப்பறைக்கே வருவதன் அருமை தனியாகச் சொல்லப்பட வேண்டியதல்ல. அதே ஆண்டில்தான் கோயம்பேட்டில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மேலும் சுத்திகரித்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையத்தைக் குடிநீர் வாரியம் இயக்கத் தொடங்கியது. கழிப்பறை நீரில் இளமஞ்சள் நிறம் தெரிகிறது என்று எங்கள் வீடுகளிலிருந்து வரும் புகார், கரி பழையதானதன் அடையாளம். நீர் கெட்டுவிட்டது என்று பொருளல்ல.

ஓர் ஒப்பீட்டையும் எழுத விரும்புகிறேன். என் அக்காள் மதுராந்தகத்தில் இருக்கிறார். அவர் வீட்டு செப்டிக் டேங்கை இறைத்த லாரி பக்கத்துக் கருங்குழிக்குப் போகிறது என்றதும், விவரம் அறிந்துகொள்ளும் ஆவலில் மறுநாள் போய்ப் பார்த்தேன். கருங்குழி சிறிய பேரூராட்சி. சுற்றிலும் வயலும் ஏரியும். தமிழ்நாட்டிலேயே முதலில் அமைந்த கசடுக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் அங்கேதான் இருக்கிறது. தன் ஊருக்கும் மதுராந்தகம் நகராட்சிக்கும் சேர்த்து நாளுக்குச் சுமார் 23,000 லிட்டர், ஏறத்தாழ எங்கள் குடியிருப்பின் அளவு. ஆனால் அங்கே வருவது பல ஆண்டு தேங்கிய கெட்டிக் கசடு என்பதால் எங்களுடையதைவிடப் பல மடங்கு கடினமான சரக்கு. அதைச் சரளையும் மணலும் பரப்பிய படுக்கைகளில் விட்டால் நீர் கீழே வடிகிறது, கசடு மேலே வெயிலில் காய்ந்து ஓடு ஓடாகப் பெயர்கிறது. அந்தப் படுக்கைகளுக்கு ப்ளோயர் தேவையில்லை. மின்சாரம் நான்கு நாள் நின்றாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. மழை பெய்தால் காய்வதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும், அவ்வளவுதான். நிலம் தாராளமாக இருக்கும் சிற்றூருக்கு அது பொருத்தம். சதுர அடிக்கு ஆயிரக்கணக்கில் விலைபோகும் எங்கள் இடத்துக்கு அது இயலாது. எங்கள் ஒப்பந்தப் பத்திரத்தில் ப்ளோயரின் உற்பத்தியாளர் பெயர், பம்பின் திறன், மணலின் எடை எல்லாம் பதினோரு பக்கத்துக்கு எழுதப்பட்டிருக்கின்றன. ஆபரேட்டரின் தகுதி, சம்பளம், விடுப்பு, அவருக்கு மாற்று ஆள் யார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கருங்குழியின் படுக்கைக்கு ஒருவர் ஒரு வாரம் வராவிட்டாலும் தாங்கும். எங்கள் தொட்டி ஓர் இரவுகூடத் தாங்காது. அப்படியிருக்க, நாங்கள் விலை பேசியது முழுவதும் இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும்தான்.

2024 ஆகஸ்டில் இது நடைமுறையில் புரிந்தது. செங்கத்துக்காரரை நிறுவனம் நாவலூரில் ஒரு பெரிய வளாகத்துக்கு மாற்றியது. வந்த புதியவர் பொல்லாதவர் அல்லர். உருளைச் சோதனை என்றால் என்ன என்று மட்டும் தெரியாது. பதினாறாம் நாள் முதல் பிளாக் சன்னல்கள் மறுபடி மூடின. நாங்கள் மாதக் கட்டணத்தை நிறுத்திவைத்த பிறகே செங்கத்துக்காரரைத் திருப்பி அனுப்பினார்கள். அவருக்கு அவர்கள் கொடுக்கும் சம்பளம் 15,000 ரூபாய் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கிறேன். இயந்திரப் பராமரிப்புக்கு நான்கு, காலை ஆபரேட்டருக்கு ஐந்து, பதிவேட்டுக்கும் கசடு ரசீதுக்கும் இரண்டு, தொட்டிப் பாதுகாப்புக்கு அன்றைய நாளை வைத்துச் சுழியம். இந்த நிறுவனத்தை எடுக்கலாமா என்று கேட்கும் அக்கம்பக்கத்துச் சங்கங்களுக்கு நான் சொல்வது, எடுக்கலாம். ஆனால் உங்களுக்கு வரப்போகும் ஆபரேட்டரை முதலில் நேரில் பார்த்துப் பேசுங்கள், அவர் ஏற்கனவே வேலை பார்த்த தொட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.

ஒப்பந்தத்தை ஓராண்டுக்குப் பதில் ஆறு மாதத்துக்கு மட்டும் புதுப்பித்திருக்கிறோம். ஆபரேட்டரை எங்கள் எழுத்து ஒப்புதலின்றி மாற்றக் கூடாது, தொட்டிக்குள் எந்தச் சூழ்நிலையிலும் ஆள் இறங்கக் கூடாது, கசடு ரசீது பட்டியலோடு சேர்ந்தே வர வேண்டும் என்று மூன்று விதிகளைச் சேர்த்தோம். அவருடைய சம்பளத்துக்கென மாதம் 3,000 ரூபாய் கூட்டிக் கொடுக்கவும் சம்மதித்தோம், அது அவர் வங்கிக் கணக்குக்குப் போனதற்கான சான்று வேண்டும் என்ற நிபந்தனையுடன். முதல் இரண்டு விதிகளுக்கு உடனே கையெழுத்திட்டார்கள். மூன்றாவதைப் பரிசீலிக்க ஒரு வாரம் கேட்டிருக்கிறார்கள். இன்று ஒன்பதாம் நாள்.